இருபத்து நாலு டிகிரிக்காரர்

அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது செருப்பைக் கழற்றினார், என் வீட்டுக்காரருக்குக் கைகொடுத்தார், பிறகு நாங்கள் காட்டிய சோபாவை விட்டுவிட்டு நேராக நடைச் சுவருக்குப் போனார். அங்கேதான் ஏசியின் டயல் இருந்தது. தெர்மோஸ்டாட் என்று சொல்ல வேண்டுமாம். எங்களுக்கு அது டயல்தான். அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். 'த்சொ' என்று உச்சுக் கொட்டினார். பதினாறில் கிடந்த முள்ளை இரண்டு விரலால் பிடித்து இருபத்து நாலுக்குத் திருப்பினார். திருப்பிவிட்டு, "இப்ப டீ குடிக்கலாம்மா" என்றார். அதுவரை நான் டீ போடுவதாகச் சொல்லவே இல்லை.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. எழுதினால் திருச்சியிலிருந்து போன் போட்டு நான் எழுதியதில் என்னென்ன தப்பு என்று விளக்குவார், எனக்கு அதற்கு நேரமில்லை. துபாய் கராமாவில் எங்கள் கட்டடம் முழுக்க அவரை இருபத்து நாலு டிகிரி சார் என்றுதான் சொன்னது. வாட்ச்மேன்கூட அப்படித்தான் சொல்வார். ஒரு கட்டுமானக் கம்பெனியில் மின்சாரப் பிரிவு இன்ஜினியர். எங்கள் எதிர்க் கதவு. நாங்கள் காயல்பட்டினம் பக்கம். என் வீட்டுக்காரருக்கு தேராவில் கைக்கடிகாரக் கடை.

கடையிலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் செய்யும் முதல் வேலை டயலைப் பதினாறுக்குத் தள்ளுவது. பார்க்கிங்கிலிருந்து வாசல் வரை நடந்ததிலேயே சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அந்தக் கோபத்தை டயலிடம் காட்டுவார். 'சீக்கிரம் குளிரட்டும்' என்பார். இதைக் கேட்டு சார் துடித்துப்போனார். அவருடைய முதல் பிரசங்கம் எங்கள் ஹாலில்தான் நடந்தது.

"அது ஆக்ஸிலரேட்டர் இல்லைங்க. பதினாறு வெச்சாலும் இருபத்து நாலு வெச்சாலும் குளிர்ற வேகம் ஒண்ணுதான். எங்க நிக்கணும்னுதான் நீங்க சொல்றீங்க. எவ்வளவு வேகமா போகணும்னு இல்ல. லிஃப்ட் பட்டனைப் பத்து தடவ அமுக்கினா லிஃப்ட் சீக்கிரம் வருமா?"

"வருமே" என்றார் என் வீட்டுக்காரர்.

சார் என்னைப் பார்த்தார். நான் டீ போடப் போய்விட்டேன். உண்மையைச் சொன்னால் அவர் சொன்னது சரிதான். அதுதான் அவரிடம் பெரிய தொல்லை. எதைச் சொன்னாலும் சரியாக இருக்கும். சரியாக இருக்கிறவரோடு ஒரே மாடியில் குடியிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டு டயலோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கராமாவில் நாங்கள் சாப்பிடப் போகும் ஓட்டலில் அவர் தலை தெரிந்ததும் கல்லாவில் இருப்பவர் ஏசி ரிமோட்டை மேஜை டிராயருக்குள் போட்டுவிடுவார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடி படுத்துக்கொண்டே சுவரைக் காட்டி என்னமோ சொல்லியிருக்கிறார், டாக்டர் வலிக்கிறது போலிருக்கிறது என்று இன்னொரு ஊசி போட்டுவிட்டாராம். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாண விருந்து, ஓட்டல் ஹாலில் நடந்தது. சார் குடும்பத்தையும் அழைத்திருந்தோம். பிரியாணி வருவதற்குள் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த டயலைக் கண்டுபிடித்துவிட்டார். கோட்டும் தலைப்பாகையுமாக இருந்த மாப்பிள்ளைக்கு நெற்றியில் வியர்வை ஓடியது. கல்யாணப் பயம் என்று பெண் வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குத்தான் விஷயம் தெரியும், ஆனால் வாயில் பிரியாணி இருந்தது.

மெட்ரோவில் மட்டும் அவர் ஜம்பம் சாயவில்லை. அங்கே அவர் கைக்கு எட்டுகிற மாதிரி எதுவும் கிடையாது. அதனால் பையில் எப்போதும் ஒரு பழுப்புச் சால்வை வைத்திருப்பார். வெளியே தார் ரோடு உருகும், இவர் ரயிலுக்குள் சால்வையைப் போர்த்திக்கொண்டு குளிர்காலத்து மலையேறி மாதிரி உட்கார்ந்திருப்பார். யாராவது வேடிக்கை பார்த்தால், "பாருங்க, பணத்தைக் கொடுத்துக் குளிரை வாங்கி, திரும்பப் பணத்தைக் கொடுத்துப் போர்வை வாங்கறோம்" என்பார். கேட்கிறவர் பிலிப்பைன்ஸ்காரராக இருந்தாலும் தமிழில்தான் சொல்வார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்காத விஷயம் ஒன்று அவர் வீட்டுக்குள் இருந்தது.

அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஐம்பதைத் தொட்டிருந்தார். அந்த வயதில் நமக்கு வரும் சூடு இருக்கிறதே, அது அவருக்குப் பலமாகவே வந்தது. காதுக்குப் பின்னால் கிளம்பி, கழுத்தில் இறங்கி, முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடவென்று அடித்து, கொஞ்ச நேரத்தில் போய்விடும். போன பிறகு கை கால் வெலவெலத்துப் போகும். இது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இதற்கு மேல் வெளியே துபாய் வேறு. ஜூன் மாதத்தில் குளியலறைக் குழாயைத் திறந்தால் டீத்தூள் போடுவதுதான் பாக்கி.

அப்படிச் சூடு ஏறும்போதெல்லாம் அக்கா கதவைத் திறந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். குளிர் காற்று வரும் கிரில்லுக்கு நேர் கீழே நின்று முந்தானையை விலக்கிக் கண்ணை மூடிக்கொள்வார். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். வெங்காயம் உரிப்பதை நிறுத்தவும் மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "வரேம்மா, சாதம் வெச்சிருக்கேன்" என்று போய்விடுவார். ஒரு பெண் தன் வீட்டில் சாதம் வடிக்க எங்கள் வீட்டில் மூச்சு வாங்கிவிட்டுப் போக வேண்டியிருந்தது.

பழைய டயல் இருந்தவரை அக்காவுக்கு ஒரு வழி இருந்தது. சார் ஆபீஸ் போனதும் திருப்பிவிடுவார், வருவதற்குள் மறுபடி இருபத்து நாலில் வைத்துவிடுவார். அதற்கும் ஆப்பு வந்தது. சார் ஒரு புதுப் பெட்டி வாங்கி வந்தார். வட்டமாக, வெள்ளையாக, அப்பளம் அளவுக்கு. பழைய டயலைக் கழற்றிவிட்டு அதைச் சுவரில் மாட்டினார். மாட்டிய அன்று எங்களைக் கூப்பிட்டுக் கேசரி கொடுத்தார்கள்.

அந்தப் பெட்டியில் பட்டன் என்று ஒன்றும் கிடையாது. எங்கே தொட்டாலும் ஏதோ ஒரு படம் வரும். இலைப் படம் வந்தால் மின்சாரம் மிச்சமாகிறதாம். வீட்டுப் படம் வெறுமையாக வந்தால் வீட்டில் ஆள் இல்லையாம், தானாக ஏசியைக் குறைத்துவிடுமாம். எண்ணை மாற்றலாம் என்று விரலை வைத்தால் பூட்டுப் படம் வந்து ரகசிய எண் கேட்கும். நாள் முழுக்க வீட்டில் இருக்கிறவருக்கு அந்த எண் தெரியாது. காலையில் போய் இருட்டிய பிறகு வருகிறவரிடம் அந்த எண் இருந்தது. அவர் ஆபீஸில் இருந்துகொண்டே போனில் வீட்டுச் சூட்டைப் பார்ப்பார்.

"இது நம்ம பழக்கத்தை எல்லாம் தானாக் கத்துக்கும்மா. யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று எனக்கு விளக்கினார்.

அது ஒன்றே ஒன்றுதான் கற்றுக்கொண்டது. நடையில் யாரும் போகவில்லை என்றால் வீட்டில் ஆள் இல்லை. அக்காவோ பாதி நாள் சமையலறையில் இருப்பவர். அடுப்பு எரிகிறது, குக்கர் கத்துகிறது, சாம்பார் வாசனை எங்கள் வீடு வரை வருகிறது. அந்தப் பெட்டி மட்டும் வீட்டில் யாரும் இல்லை என்று முடிவு கட்டி ஏசியைக் குறைத்துவிடும். அக்கா கரண்டியோடு நடைக்கு ஓடி அதன் முன்னால் நின்று கையை ஆட்டுவார். அது கண் விழித்துப் பார்த்து ஏசியைக் கூட்டும். ஒரு நாள் தண்ணீர் கேன் கொண்டுவரும் மலையாளி திறந்திருந்த கதவு வழியாக இதைப் பார்த்திருக்கிறார். தனக்குத்தான் கை ஆட்டுகிறார் என்று நினைத்து அவரும் ஆட்டியிருக்கிறார். அதிலிருந்து அந்த மனிதர் எப்போது வந்தாலும் அக்காவைப் பார்த்துக் கை ஆட்டுவார்.

இதைச் சொல்லி நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் இருக்கேன்னு ஒரு பெட்டிக்கு நிரூபிக்க வேண்டியிருக்கு பாரு" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அப்பளத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீச வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

"சார்கிட்ட சொல்லுங்களேன்க்கா. வாய் இருக்குல்லா?"

"சொன்னேனே. உடனே போனை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டார். எந்தெந்த டைம்ல உனக்குச் சூடா இருக்கு, சொல்லு, ஷெட்யூல்ல போட்டுடறேங்கறார். அது என்ன பஸ்ஸா, டைமுக்கு வர்றதுக்கு? எனக்கே தெரியாதுங்கன்னேன். தெரியாததை எப்படிப் போடறதுன்னு கேக்கறார்."

மறுநாள் ஒரு குட்டி மின்விசிறி வாங்கிவந்து கொடுத்தாராம், கையில் பிடித்துக்கொள்வது. அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கு ஜுரம் என்றால் லீவு போட்டு ரசம் வைப்பார். ரசம் நன்றாகவே இருக்கும். ஆனால் இருபத்து நாலை இருபத்து மூன்றாக்கச் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. உலகத்தில் மனிதர்கள் வியர்ப்பதும் நடுங்குவதும் அவரைப் பொறுத்தவரை கணக்குப் பிழை. சரியான எண்ணில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

கார்த்திகை வந்தது. அக்கா வீடெங்கும் அகல் ஏற்றினார். ஜன்னல் விளிம்பில், வாசலில், நடையில் செருப்பு வைக்கும் அலமாரியின் மேல். டிசம்பர் மாதம், ஏசியை யாரும் தேடாத காலம். நான் பொரி உருண்டை வாங்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். திடீரென்று மேலே கிரில் சீறிக்கொண்டு காற்றை அடித்தது. எங்கள் பற்கள் தந்தியடிக்கிற அளவுக்குக் குளிர். சார் சால்வையோடு வீட்டைச் சுற்றிச்சுற்றி வந்து, "ஏதோ சாஃப்ட்வேர் கோளாறு" என்றார். அக்கா மட்டும் நடையில் அசையாமல் நின்று செருப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அகல் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே சுவரில் வெள்ளைப் பெட்டி. விளக்கின் சூடு பட்டு, வீடே கொதிக்கிறது என்று நம்பிக் குளிரை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார்.  விளக்கைச் சாந்தி செய்துவிட்டு எனக்குப் பொரி உருண்டை எடுத்துவரப் போனார். அவர் நடந்துபோன விதத்தில் இருந்த துள்ளலை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வெயில் காலம் தொடங்குவதற்குள் சமையலறை அலமாரிக்குள் இருந்த சாமி படங்கள் நடைக்கு வந்துவிட்டன. ஊரிலிருந்து சாரின் அம்மா போனில் சொன்னாராம், சாமி கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும், விளக்கு தினமும் எரிய வேண்டும் என்று. சார் மறுபேச்சுப் பேசவில்லை. காலையில் அவசரமாகத் திருநீறு வைத்துக்கொண்டு ஓடுவதோடு சரி, அந்தப் பக்கம் அவர் பார்வை போவதில்லை. அவரே சுவரில் துளை போட்டுப் பலகை மாட்டினார். அக்கா உயரம் சொன்னார், "இன்னும் கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம், ஆங், போதும்." பெட்டிக்கு நேர் கீழே வந்து நின்றது பலகை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு மூச்சு வாங்க வரவில்லை. நான்தான் அங்கே போனேன். சார் கிளம்பியதும் விளக்கு ஏறும். பெட்டி தன் மண்டைச் சூட்டைப் பார்த்து மிரண்டு வீட்டைக் குளிரவைக்கும். எண்ணெய் விடப் போகும்போதெல்லாம் அக்கா அதன் கண்ணில் படுவார் என்பதால் ஆள் இல்லை என்ற பேச்சும் ஒழிந்தது. சார் வரும் நேரத்துக்கு முன்பே திரி தானாக அணையும்படி எண்ணெயை அளந்து விடுவார். மதியம் அவர்களுடைய உள்ளறையில் நான் தொழுதுவிட்டு வருவேன், அக்கா பஜ்ஜி போட்டிருப்பார். வெளியே நாற்பத்தைந்து டிகிரி. நாங்கள் இரண்டு பேரும் காலைப் போர்வைக்குள் நுழைத்துக்கொண்டு சீரியல் பார்த்தோம். அந்தக் கோடையைப் போல நான் சந்தோஷமாக இருந்த கோடை இல்லை.

சாருக்கோ பெருமை பிடிபடவில்லை. மாலையில் வீட்டுக்குள் வந்ததும் மூச்சை இழுத்து, "பாத்தியா, இருபத்து நாலே எவ்வளவு ஜில்லுனு இருக்கு!" என்பார். விளக்கு அணைந்திருக்கும், குளிர் மட்டும் மிச்சமிருக்கும். வருகிறவர் போகிறவரையெல்லாம் வீட்டுக்குள் இழுத்துவந்து நிற்கவைத்து, இதுதான் இருபத்து நாலு என்று காட்டினார். கட்டடத்தில் பாதிப் பேர் அதை நம்பித் தங்கள் வீட்டிலும் இருபத்து நாலு வைத்து வெந்துபோனார்கள். என் வீட்டுக்காரரும் மாட்டிக்கொண்டார். பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு, "அவர் வீட்ல குளிருது, நம்ம வீட்ல குளிரல. என் ஒடம்புலதான் கோளாறா இருக்கும்" என்று இரத்தப் பரிசோதனைக்கே போய்விட்டார். நான் கூடப் போனேன். வாயைத் திறக்கவில்லை. அக்காவின் குளிர் போய்விடும் என்ற பயம்.

பெட்டியைக் கேட்டால் வேறு கதை சொன்னது. பகலில் சார் போனைப் பார்ப்பார், வீட்டுச் சூடு ஏறிக் கிடக்கும். மின்சார பில்லும் ஏறியது. எங்கிருந்தோ வெயில் உள்ளே கசிகிறது என்று தீர்மானித்தார். ஜன்னல் இடுக்குகளில் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டினார். கண்ணாடிகளுக்கு அலுமினியத் தாள் ஒட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் அந்த வீடு யாரோ சுற்றிவைத்த பார்சல் சாப்பாடு மாதிரி இருந்தது. அப்படியும் சூடு குறையவில்லை. கட்டடத்து ஏசி மெக்கானிக், ஒரு பட்டாணியர், வந்து குழாய்களைப் பார்த்துவிட்டு, "ஸப் டீக் ஹை, பாய். மாஃபி முஷ்கில்" என்று போய்விட்டார். ஒரு பிரச்சினையும் இல்லை என்று கேட்டதில் சார் உடைந்துபோனார். நடையில் நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். பெட்டிக்குக் கீழே பலகையில் முருகன் சிரித்துக்கொண்டிருப்பார்.

அடுத்த ஜூலையில் பெங்களூரில் மகளுக்குப் பிரசவம். அக்கா கிளம்பிவிட்டார். போகும்போது என்னிடம், "வந்தா இந்தக் குளிர் இருக்குமோ என்னமோ" என்றார். எனக்கும் அதே கவலைதான். இன்ஜினியர் ஒரு மாதம் தனியாகப் பெட்டியோடு இருக்கப் போகிறார். கண்டுபிடிக்காமல் விடுவாரா?

விடவில்லை. அக்கா போனதும் வீட்டுச் சூடு போனில் இருபத்து நாலுக்கு வந்து ஆணியடித்த மாதிரி நின்றதாம். முதலில் தன் அலுமினியத் தாள் வேலை செய்கிறது என்று குதித்திருக்கிறார். பிறகு வீடு புழுங்கியிருக்கிறது. சரியாக இருபத்து நாலில் இருந்த வீடு அவருக்கே தாங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் கதவைத் தட்டினார். கையில், சுவரிலிருந்து கழற்றிய பெட்டி. அதைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். வெள்ளைப் பெட்டியின் கீழ் விளிம்பில் மீசை மாதிரி கரி படிந்திருந்தது.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

"எத்தனை நாளா?"

"அக்காவுக்கு முடியாம போனதிலேர்ந்து."

"முடியலைன்னா... எனக்குச் சொல்லலியே?"

எனக்கு அடக்க முடியவில்லை. "சொன்னாங்க சார். நீங்க டைம் கேட்டீங்க. அக்கா அடுப்படியில நின்னு வேர்த்து ஊத்துறப்போ இந்தப் பெட்டி வீட்ல ஆளே இல்லன்னு காட்டிச்சு. நீங்க போன்ல அதப் பாத்துட்டு இலை வந்திருக்கு, கரண்ட் மிச்சம்னு சந்தோஷப்பட்டீங்க. வீட்டுக்காரிய நம்பாம பெட்டிய நம்பினா அவங்க வேற என்னதான் செய்வாங்க, சொல்லுங்க?"

பேசி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எதிர்வீட்டுப் பெரிய மனிதரை இப்படிப் பேசிவிட்டோமே என்று. உள்ளே என் வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது, இரத்தப் பரிசோதனை நினைவுக்கு வந்திருக்கும்.  சார் கரியை விரலால் தடவிப் பார்த்தார். அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "ஒரு அகல் விளக்கு" என்றார். "நான் எல்லா ஜன்னலையும் ஒட்டினேன்." அவ்வளவுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் முதுகைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அக்காவை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது. அந்தப் பலகையைக் கழற்றிவிடுவார், சாமி படங்கள் மறுபடி சமையலறைக்குப் போகும், அக்கா எங்கள் கிரில்லுக்குக் கீழே வந்து நிற்பார் என்றுதான் நினைத்தேன். அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லவும் மனம் வரவில்லை. பேத்தி பிறந்த சந்தோஷத்தில் இருந்தார்.

ஆகஸ்டில் அக்கா திரும்பி வருகிற நாள். மாலை விமானம். மதியத்துக்கு மேல் சார் மறுபடி கதவைத் தட்டினார். கையில் ஒரு கிண்ணம்.

"நல்லெண்ணெய் கொஞ்சம் கிடைக்குமா? எங்க வீட்ல தீந்துடுச்சு."

எண்ணெயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பலகை இருந்த இடத்தில் இருந்தது. பெட்டி, கரி துடைக்காமல், மறுபடி சுவரில் மாட்டியிருந்தது. விளக்கு துலக்கியிருந்தது, ஆனால் திரியைச் செங்குத்தாக நிறுத்திவைத்து அது ஏன் விழுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் படுக்கவைக்கச் சொன்னேன். படுக்கவைத்தார். தீக்குச்சி மூன்று அணைந்தது, நான்காவது பற்றியது. இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எண் மெல்ல ஏறியது. இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. மேலே கிரில் பெருமூச்சு விட்டுக் காற்றை அடிக்கத் தொடங்கியது.

"ஏன் சார், போன்ல நம்பரக் கொறச்சாலே போதுமே?"

அவர் என்னை முதல் நாள் டயலைப் பார்த்த மாதிரி பார்த்தார். "அதெப்படிம்மா? இருபத்து நாலு இருபத்து நாலுதான்."

"சரி சார்."

"நான் ஏர்போர்ட் போய்ட்டு வந்துடறேன். அணையாம பாத்துக்கறியா?"

வாசல் வரை போய்த் திரும்பினார். "வீடு இருபதுக்கு வந்துடுமில்ல, நாங்க வர்றதுக்குள்ள?" என்றார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற முகம்.

அந்த மாலை முழுக்க நான் அவர்கள் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். விளக்கில் எண்ணெய் விடுவதும் தாளிக்கிற வேலை மாதிரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டேன். நடுவில் ஒரு முறை அந்தப் பெட்டி வீட்டில் ஆள் இல்லை என்று வெறும் வீட்டுப் படத்தைக் காட்டியது. எழுந்துபோய் அதன் மூஞ்சிக்கு நேரே இரண்டு கையையும் ஆட்டினேன், மனதுக்குள் கொஞ்சம் திட்டவும் செய்தேன். கேனுக்காகத் திறந்துவைத்திருந்த வாசலில் தண்ணீர் கேன்காரர் நின்றிருந்தார். அவரும் ஆட்டினார்.

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அக்கா முதலில் வந்தார். ஆகஸ்டு மாதத்து வெயிலைப் புடவையோடு சுமந்துகொண்டு வந்த முகம், கன்னமெல்லாம் சிவந்து, மேலுதட்டில் வியர்வை. உள்ளே ஒரு அடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். குளிர் அவர்மேல் இறங்குவதை நான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் கிரில்லுக்குக் கீழே நின்றபோது மூடுவாரே, அதே மாதிரி. திறந்ததும் விளக்கைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், நான் இல்லை என்று.

"யாரு ஏத்தினது?" என்று கேட்டார். கேட்டது என்னை, திரும்பியது அவர் பக்கம்.

சார் இரண்டு சூட்கேஸையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "அம்மா சொன்னாங்கல்ல, கிழக்குப் பாத்து தினம் எரியணும்னு" என்றார். நிமிர்ந்ததும் குளிர் அவரையும் பிடித்தது. உடம்பை ஒரு முறை சிலிர்த்துக்கொண்டார். பையைத் திறந்து, மெட்ரோவுக்கென்று வைத்திருந்த அந்தப் பழுப்புச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, தன் வீட்டு சோபாவில் போய் உட்கார்ந்தார்.